நிலத்தடி எரிபொருள் டேங்க்கில் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோல் பங்க்கோ, ஜெனரேட்டருக்கு டீசல் சேமித்து வைக்கும் கட்டடமோ, நிலத்தடி டேங்க் உள்ள இடமென்றால் அதைப் பராமரிப்பவர்கள் தண்ணீர் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டேங்க்கை மட்டும் பார்த்தால் போதாது. அதன் தலைமேல் இருக்கும் சாமான்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: லாரியிலிருந்து எரிபொருள் இறக்கும் ஃபில் பைப்பைச் சுற்றி, சிந்துவதைப் பிடிக்கும் ஸ்பில் பக்கெட், பம்ப்பின் தலை உட்கார்ந்திருக்கும் சம்ப் என்ற தொட்டி, வண்டிக்கு எரிபொருள் ஊற்றும் டிஸ்பென்சருக்கு அடியில் இருக்கும் தொட்டி. மழை முதலில் கை வைப்பது இவற்றில்தான்.

தண்ணீர் எப்படியும் அடியில்தானே போய்த் தங்கும், அதனால் என்ன கெட்டுவிடும்?

அடியில் தங்குவது உண்மை. தண்ணீரின் அடர்த்தி லிட்டருக்கு 1 கிலோ, பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ, டீசல் 0.82 முதல் 0.86 வரை. பம்ப்பின் வாய் அடியிலிருந்து சற்று உயரத்தில் இருப்பதால் கொஞ்சம் தண்ணீர் கிடந்தாலும் உடனே வண்டிக்குப் போய்விடாது, அந்தத் தைரியத்தில்தான் பலர் சும்மா விட்டுவிடுகிறார்கள். ஆனால் லாரி வந்து எரிபொருளை இறக்கும்போது டேங்க்கின் அடி கலங்கும். அந்த நேரத்தில் நாசில் ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீரும் சேர்ந்தே மேலே வரும். இது வெளியே தெரிகிற சேதம். தெரியாமல் நடப்பது இதைவிட மோசம்: டீசலில் கிருமி வளர்வது, எத்தனால் பெட்ரோல் இரண்டாகப் பிரிவது, இரும்புச் சாமான்கள் அரிப்பது. இவற்றுக்குத் தனித்தனியாகக் கீழே பதில் இருக்கிறது.

தண்ணீர் எந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது?

பெரும்பாலும் மேலிருந்துதான். ஃபில் மூடியின் கேஸ்கெட் தேய்ந்திருக்கும், அளவு பார்க்கும் கம்பியான டிப் ராட் விடும் துளையின் மூடியைச் சரியாகத் திருகியிருக்க மாட்டார்கள், அளவுமானியின் குழாய் மூடி தளர்ந்திருக்கும், இறக்கும்போது ஆவியை லாரிக்கே திருப்பும் ஆவி மீட்பு இணைப்பின் வால்வு முழுசாக மூடாமல் நிற்கும், டேங்க் மூச்சுவிடும் வென்ட் பைப்பின் தலையில் மழைத் தொப்பியே இருக்காது. டேங்க்கின் மேல்பக்கம் பயன்படுத்தாமல் அடைத்து வைத்த திருகு துளைகள் மண்ணுக்கடியில் இருப்பதால் யார் கண்ணிலும் படாது, நிலத்தடி நீர் ஏறும்போது அவையும் வழிவிடும். சில நேரம் தண்ணீர் லாரியிலேயே வந்துவிடுகிறது. அதனால் இறக்குவதற்கு முன்னும், இறக்கி எரிபொருள் அமைதியடைந்த பின்னும் தண்ணீர் அளவு பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் லாரிக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை.

"அதெல்லாம் வியர்வைத் தண்ணீர், காற்றிலிருந்து படிவதுதான்" என்று மெக்கானிக் சொல்கிறார். நம்பலாமா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஈரம் முழுவதும் நிரம்பிய காற்று, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் தண்ணீரை வைத்திருக்கும். 30,000 லிட்டர் டேங்க் காலியாகி, அதற்குள் முழுக்க இப்படிப்பட்ட காற்று நிரம்பி, அதிலுள்ள ஈரம் ஒரு சொட்டு விடாமல் படிந்தாலும் ஒரு லிட்டர்கூடத் தேறாது. நிஜத்தில் மண்ணுக்கடியில் வெப்பம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை, ஆகவே படிவது அதில் ஒரு பங்குதான். காலப்போக்கில் இதுவும் சேரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மழைக்குப் பிறகு டிப் ராடில் திடீரென்று நாலைந்து சென்டிமீட்டர் தண்ணீர் காட்டினால் அதற்கு வியர்வை காரணமாக இருக்க முடியாது. எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஸ்பில் பக்கெட்டில் மழைத் தண்ணீர் நிற்கிறது. அதற்குள்ளேயே ஒரு வால்வு இருக்கிறதே, இழுத்துவிட்டால் டேங்க்குக்குள் போய்விடும் அல்லவா?

போய்விடும், அதனால்தான் கூடாது. இறக்கும்போது சிந்துகிற எரிபொருளைத் திரும்ப டேங்க்குக்கே அனுப்புவதற்காக வைத்த வால்வு அது. ஒரு பக்கெட் சுமார் 20 லிட்டர் கொள்ளும், நாலு மழைக்கு நாலு தடவை இழுத்தால் 80 லிட்டர் வரை நீங்களே உங்கள் கையால் ஊற்றியதாக ஆகிவிடும். என்னைக் கேட்டால், டேங்க்கில் சேரும் தண்ணீருக்கு மழையைக் குறை சொல்வதற்கு முன் இந்த வால்வைத்தான் விசாரிக்க வேண்டும். வால்வு அமர்ந்து மூடும் இடத்தில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், யாரும் இழுக்காமலேயே சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பக்கெட்டில் நிற்கும் தண்ணீர் ஃபில் மூடியின் விளிம்புக்கு மேல் இருக்கும்போது மூடியைத் திறந்தால், அந்தத் தண்ணீர் நேராக உள்ளே போகும். ஆகவே முதலில் கைப்பம்ப்பால் உறிஞ்சி, துணியால் துடைத்து, அப்புறம்தான் மூடியில் கை வைக்க வேண்டும். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் வால்வே இல்லாத பக்கெட்டை வாங்குங்கள்.

பம்ப் சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் டேங்க்கில் இல்லை. அப்படியே விடலாமா?

கூடாது, இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சம்ப் எதற்காக இருக்கிறது? பம்ப் தலையோ குழாய் இணைப்போ கசிந்தால் அந்த எரிபொருள் மண்ணில் கலக்காமல் பிடித்து வைக்க. தண்ணீர் நிரம்பிய சம்ப்பில் எரிபொருளுக்கு இடம் இல்லை. தண்ணீருக்கு மேலே மிதந்து, விளிம்பு வழியாகவோ மின்குழாய் வழியாகவோ வெளியேறிவிடும். இது ஒன்று.

அடுத்தது: பக்கச் சுவரிலோ குழாய் நுழைவிலோ உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வர முடிகிறதென்றால், அதே ஓட்டை வழியாக எரிபொருள் வெளியே போகவும் முடியும். மழைக்காலத்தில் வெளியே நீர்மட்டம் உயர்ந்திருப்பதால் தண்ணீர் உள்ளே வருகிறது. கோடையில் மட்டம் இறங்கியதும் அதே வழி திசை மாறிவிடும். சம்ப் தானாகக் காய்ந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். யாரும் இறைக்காமல் தண்ணீர் குறைந்தால் அது எங்கே போனது?

மூன்றாவது, அரிப்பு. எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆவி சம்ப்பில் ஈரத்தோடு சேர்ந்தால், ஒருவகை பாக்டீரியா அந்த எத்தனாலை அசிட்டிக் அமிலமாக மாற்றும். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் இதுதான் நடக்கிறது. பம்ப் தலை, திருகுகள், செம்புக் குழாய்கள் எல்லாம் பச்சையும் பழுப்புமாகப் பொரிந்து போயிருக்கும். தண்ணீரை எடுத்தால் மட்டும் இது நிற்காது, ஆவி எங்கிருந்து வருகிறது என்று தேடி அந்தக் கசிவையும் அடைக்க வேண்டும்.

சரி, சம்ப்புக்குள் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முழுக்க இறைத்து, துடைத்து, உலரவிட்டுக் கவனியுங்கள். மழை பெய்யும்போதே ஏறி, நின்றதும் ஏற்றமும் நின்றால் சந்தேகம் மூடிமேல். மழை விட்டபிறகும் மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தால் பக்கவாட்டு வழி. டேங்க்கைப் புதைத்த குழியில் ஜல்லியோ மணலோ நிரப்பியிருப்பார்கள், சுற்றிலும் களிமண் என்றால் மழைத் தண்ணீர் அந்தக் குழியிலேயே பல நாள் தேங்கி நிற்கும், அதனால் வெயில் அடிக்கும் நாளில் ஊறுகிறதே என்று குழம்ப வேண்டாம். குழியில் கண்காணிப்புக் குழாய் இறக்கியிருந்தால் அதன் நீர்மட்டத்தையும் சம்ப்பின் நீர்மட்டத்தையும் ஒப்பிட்டால் பாதி விடை கிடைத்துவிடும். உள்சுவரில் படிந்த அழுக்குக் கோடுகளையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கிறதென்றால், அந்த உயரத்தில் உள்ள குழாய் நுழைவை முதலில் பரிசோதிக்கலாம்.

மூடியா இல்லையா என்பதில் சந்தேகம் இருந்தால், சம்ப் உலர்ந்திருக்கும்போது மூடியைச் சுற்றிச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். செலவே இல்லாத சோதனை.

மூடியில் என்ன பார்க்க வேண்டும்?

இரண்டு மூடிகள் உண்டு என்பதை மறக்கக் கூடாது. மேலே வண்டி ஏறி இறங்கும் மேன்ஹோல் மூடி. அது எடை தாங்குவதற்காக வைத்தது, பெரும்பாலானவை தண்ணீர் புகாதவை அல்ல. அதற்குக் கீழே சம்ப்பின் சொந்த மூடி, அதுதான் தண்ணீரைத் தடுக்க வேண்டியது. மேல்மூடியின் வளையத்துக்கு ஒரு உலோகப் பாவாடை இருக்கும்; கசிந்து இறங்கும் தண்ணீர் சம்ப்பின் தலையில் விழாமல் அதைச் சுற்றியுள்ள ஜல்லியில் இறங்கட்டும் என்பதே ஏற்பாடு. ஜல்லிக்குப் பதில் மண் அடைந்துபோயிருந்தால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் சம்ப் மூடியின் மேல் குளமாக நிற்கும்.

கேஸ்கெட் முறுக்கிக்கொண்டிருக்கிறதா, நீண்டு தொங்குகிறதா, பள்ளத்தில் மணல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பாருங்கள். போல்ட் எல்லாமே இருக்க வேண்டும். எட்டு துளையில் ஐந்து போல்ட் போட்டுவிட்டு மூடி கசிகிறது என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். காங்கிரீட் போடும்போதே மேன்ஹோல் வளையத்தைத் தளத்தைவிட 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயர்த்தி நாலு பக்கமும் சரிவு கொடுத்துவிட்டால் பிற்காலத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். தளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் மூடியை அமைத்துவிட்டு வருஷா வருஷம் கேஸ்கெட் மாற்றுகிறவர்கள் ஏராளம்.

குழாய் நுழையும் இடத்தை அடைக்கும் ரப்பர் உறை (பூட்) வெடித்திருக்கிறது. சிலிக்கான் பூசினால் போதுமா?

போதாது. சாதாரண சிலிக்கான் பெட்ரோலையும் அதன் ஆவியையும் தாங்காது. ஊதி, இளகி, உரிந்துவிடும். சிமென்ட் பூசுவதும் வீண், குழாய் லேசாக அசைந்தாலே விரிசல் விடும். குழாயைக் கழற்றாமலேயே மாட்டக்கூடிய, இரண்டாகப் பிளந்து சேர்த்து இறுக்கும் ரப்பர் பூட்கள் கிடைக்கின்றன. நீங்கள் வைத்திருக்கும் எரிபொருளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொன்னதை மட்டும் வாங்குங்கள். பூட் திரும்பத் திரும்பக் கிழிந்தால் குற்றம் ரப்பரில் இல்லை. குழாய் கோணலாக நுழைகிறது, அல்லது டேங்க்கோ சம்ப்போ மண்ணில் இறங்கியிருக்கிறது.

மின்குழாய் வழியாகக்கூடத் தண்ணீர் வருமா?

நன்றாகவே வரும். கடைக்குள்ளிருந்து சம்ப் வரை போகும் மின்குழாய் வழியில் எங்காவது உடைந்திருந்தால், அது ஒரு வாய்க்கால்தான். சம்ப்புக்குள் நுழையும் இடத்தில் உள்ள சீலும் வயர் பெட்டியின் மூடியும் சரியாக இருக்க வேண்டும், சென்சார் வயரின் இணைப்புகளைச் சும்மா டேப் சுற்றி விடாமல் தண்ணீர் புகாத ஜெல் உறைக்குள் போட வேண்டும். ஆவி கட்டடத்துக்குள் பரவாமல் தடுப்பதும் அந்தச் சீல்தான் என்பதால், தண்ணீர் வராவிட்டாலும் அதை விட்டுவைக்க முடியாது.

மழை வந்தாலே சம்ப் சென்சார் கத்துகிறது. கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டினால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். சம்ப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில், நேராக நிற்க வேண்டியது அது. ஒரு முழம் தூக்கிக் கட்டினால் அந்த ஒரு முழத்துக்கு எரிபொருள் கசிந்தாலும் யாருக்கும் தெரியாது. தண்ணீரையும் எரிபொருளையும் பிரித்துச் சொல்லும் சென்சார் மாட்டினால் கூச்சல் குறையும், வேலை குறையாது. தண்ணீர் வரும் வழியை அடைத்தே ஆக வேண்டும். தினமும் கத்துகிற அலாரத்தை அணைத்து அணைத்துப் பழகிய கை, ஒருநாள் நிஜக் கசிவையும் அதே வேகத்தில் அணைத்துவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் மட்டும் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். 10 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோல், 15 டிகிரி அளவில் சுமார் அரை சதவீதம் வரை தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும். 10,000 லிட்டருக்கு 50 லிட்டர். அதுவரை டிப் ராடில் எதுவும் தெரியாது. அளவு தாண்டியதும், அல்லது தாண்டாமலேயே வெப்பம் குறைந்தால்கூட, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அப்படியே பிரிந்து அடியில் போய்விடும். எத்தனால் போனதால் மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் குறைந்திருக்கும், அடியில் இருப்பதை எந்த எஞ்சினுக்கும் கொடுக்க முடியாது, கலக்கிவிட்டாலும் ஒன்றுசேராது. எத்தனால் சதவீதம் கூடினால் தாங்கும் தண்ணீரும் கூடும் என்பது சரிதான், ஆனால் பிரிந்துவிட்டால் அடியில் சேரும் குப்பையும் அதற்கேற்ப அதிகம்.

இதில் இன்னொரு சிக்கல்: பிரிந்த அந்த அடுக்கு வெறும் தண்ணீரைவிட லேசானது. ஆகவே அளவுமானியில் தண்ணீருக்கென்று செய்த சாதாரண மிதவை அதில் மிதக்காமல், எல்லாம் நலம் என்று காட்டலாம். டிப் ராடில் தடவும், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சாதாரண வாட்டர் பேஸ்ட்டும் ஏமாற்றும். எத்தனால் எரிபொருளுக்கான மிதவையும் பேஸ்ட்டும் தனியாக உண்டு, அவைதான் வேண்டும்.

டீசலுக்கு இந்தத் தொல்லை இல்லையே?

வேறு தொல்லை உண்டு. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். கொழகொழப்பான படலம், ஃபில்டர் அடைப்பு, அமிலம், அரிப்பு என்று வரிசையாக வரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 42 நிலத்தடி டீசல் டேங்க்குகளை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்ட அறிக்கையில், 35 டேங்க்குகளின் உட்புற உலோகப் பாகங்களில் மிதமான அல்லது கடுமையான அரிப்பு இருந்தது. அப்படி அரிக்கிறது என்று முன்பே தெரிந்து வைத்திருந்த உரிமையாளர்கள் கால்வாசிகூட இல்லை. கண்ணாடியிழை டேங்க் என்பதால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், அதற்குள்ளும் குழாய், பம்ப், மிதவை, நிரம்பி வழியாமல் தடுக்கும் வால்வு என்று உலோகம் நிறைய இருக்கிறது. அந்த வால்வு துருப்பிடித்து இறுகிப்போனால், தேவைப்படும் அன்று மூடாது.

பேஸ்ட்டில் எத்தனை சென்டிமீட்டர் வரை பரவாயில்லை?

எத்தனால் பெட்ரோல் என்றால் பூஜ்யம்தான். டீசலிலும் வெறும் பெட்ரோலிலும் 2.5 சென்டிமீட்டரை எல்லையாக வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. என் கருத்தில் டீசலுக்கு அதுவும் தாராளம், கிருமி வளர மெல்லிய அடுக்கே போதும். எண்ணைவிட அது எப்படி ஏறுகிறது என்பதைப் பாருங்கள். மாதக்கணக்கில் அசையாமல் இருக்கும் 1 சென்டிமீட்டரைவிட, ஒவ்வொரு மழைக்கும் ஏறும் அரை சென்டிமீட்டர்தான் பெரிய செய்தி.

படுத்த உருளையில் உயரமும் கொள்ளளவும் ஒரே விகிதத்தில் ஏறாது என்பதையும் கவனியுங்கள். 2.5 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் நீளமும் உள்ள டேங்க்கில் அடியில் 1 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 13 லிட்டர், 5 சென்டிமீட்டர் என்றால் சுமார் 140 லிட்டர். அப்புறம், டேங்க் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம், தண்ணீர் தாழ்ந்த முனையில்தான் சேரும். முடிந்தால் இரண்டு முனையிலும் அளவெடுங்கள்.

சம்ப்பையும் பக்கெட்டையும் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கிறார்களே, அது எப்படி?

அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் முறையில், சம்ப்பில் உள்ள மிக உயரமான குழாய் நுழைவுக்கு மேல் 10 சென்டிமீட்டர் வரை தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் விடுவார்கள். மட்டம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கினால் சம்ப் தேறவில்லை என்று அர்த்தம். அங்கே 2015-ல் திருத்திய விதிப்படி, ஸ்பில் பக்கெட்டுகளுக்கும் கசிவுக் கண்காணிப்புக்குப் பயன்படும் சம்ப்புகளுக்கும் பொதுவாக 3 ஆண்டுக்கு ஒருமுறை இப்படிச் சோதனை, 30 நாளைக்கு ஒருமுறை பக்கெட்டைக் கண்ணால் பார்ப்பது, ஆண்டுக்கு ஒருமுறை சம்ப்பைத் திறந்து பார்ப்பது. உங்கள் இடத்து விதி எதுவோ அதுதான் உங்களுக்குச் சட்டம். விதி எதுவும் சொல்லாவிட்டால் இந்தக் கால அளவைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளலாம். கனமழைக்குப் பிறகு விதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அன்றே திறந்து பாருங்கள்.

எடுத்த தண்ணீரை எங்கே ஊற்றுவது?

சாக்கடையிலும் மண்ணிலும் கூடாது. எரிபொருள் பட்ட தண்ணீர் ஆபத்தான கழிவு. மூடியுள்ள டிரம்மில் எடுத்து வைத்து, அதற்கு அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள்.

சாதாரண மோட்டார் வைத்து இறைத்துவிடலாமா?

உயிர் மேல் ஆசை இருந்தால் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிட 3, 4 மடங்கு கனமானது, சம்ப்பின் அடியில் குளம்போலத் தேங்கும். காற்றில் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். கைப்பம்ப்போ, அழுத்தக் காற்றில் ஓடும் டயாஃப்ரம் பம்ப்போ பயன்படுத்துங்கள், பம்ப்பையும் டிரம்மையும் எர்த் வயரால் நிலத்தோடு இணைத்துவிடுங்கள், டேங்க் பம்ப்பின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுங்கள். உள்ளே இறங்கவோ தலையை விட்டுப் பார்க்கவோ வேண்டியிருந்தால் அதற்குப் பயிற்சி பெற்றவர், வாயு அளவிடும் கருவி, மேலே காவலுக்கு இன்னொருவர் என்று மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

வெள்ளம் வரும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

முதல் ஆபத்து தண்ணீர் புகுவது அல்ல, டேங்க்கே மிதந்து மேலே வருவது. 30,000 லிட்டர் காலி டேங்க்கைச் சுற்றித் தண்ணீர் நின்றால் அதை மேலே தள்ளும் விசை கிட்டத்தட்ட 30 டன் எடைக்குச் சமம். கட்டுப்பட்டைகளும் மேலே உள்ள காங்கிரீட்டும் தாங்கினால் நல்லது, இல்லையென்றால் குழாய்களைப் பிய்த்துக்கொண்டு எழும்பிவிடும். நேரம் இருந்தால் பாதுகாப்பான அளவு வரை எரிபொருளை நிரப்பி எடை கூட்டுங்கள். எல்லா மூடிகளையும் புதுக் கேஸ்கெட்டோடு இறுக்குங்கள். மின்சாரத்தை முழுக்க நிறுத்துங்கள். வென்ட் பைப்பின் வாய் வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்குமா என்று பார்த்து வையுங்கள், இருக்காது என்றால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும் என்று எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். கிளம்பும் முன் எரிபொருள் மட்டத்தையும் தண்ணீர் மட்டத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் பம்ப்பைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். டேங்க் நகர்ந்திருக்கிறதா, தளம் வெடித்திருக்கிறதா, எழுதி வைத்த மட்டத்துக்கும் இப்போதைய மட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று முதலில் பாருங்கள். சம்ப்புகளையும் பக்கெட்டுகளையும் காலி செய்து, வயர் இணைப்புகளை எலக்ட்ரீஷியனிடம் காட்டி, டேங்க்குக்கும் குழாய்களுக்கும் கசிவுச் சோதனை முடித்து, அடித் தண்ணீரை எடுத்து, டிஸ்பென்சர் ஃபில்டர்களை மாற்றிய பிறகே விற்பனையைத் தொடங்கலாம்.